கரையில மண்டின முள்: அரிவாளா, கடப்பாரையா, ஜேசிபியா?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்குது. சென்னையில வேலை பார்க்கிற ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. பொங்கல் லீவுக்குச் சொந்த ஊர் போறாங்க. அங்க கண்மாய்க் கரை முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு, கரை மேல நடக்கவே வழி இல்ல. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொஞ்சம் காசும் போட்டிருக்காங்க. கேள்வி இதுதான்: "பிரஷ் கட்டர் வாடகைக்கு எடுக்கவா, செயின்சா எடுக்கவா, இல்ல ஒரே நாள்ல ஜேசிபி விட்டு முடிச்சிடவா?"

ரெண்டு வரியில பதில் போட்டுடலாம்னுதான் ஃபோனை எடுத்தேன். முடியல. ஏன்னா இதே கேள்விக்கு நானும் சில வருஷம் முன்னாடி ஒரு பதில் கண்டுபிடிச்சு, அதைச் செஞ்சும் பார்த்து, ஒரு ராத்திரி முழுக்க மணல் மூட்டை தூக்கியிருக்கேன். அந்தக் கதைக்குப் பின்னாடி வரேன். முதல்ல கரையைப் பத்திப் பேசணும்.

தமிழ்நாட்டுல 39 ஆயிரத்துக்கும் மேல ஏரி, கண்மாய் இருக்கு. நாம ஏரின்னதும் தண்ணியைத்தான் பார்க்கிறோம். ஆனா ஏரின்னா அடிப்படையில அது ஒரு கரை. சரிவான நிலத்துல ஓடி வர்ற மழைத் தண்ணியை மூணு பக்கம் மண்ணைக் கொட்டி மறிச்சா அது ஏரி. நாலாவது பக்கம் தண்ணி வர்ற வழி. அந்த மண் மேடு, கான்கிரீட் இல்லாம, இரும்பு இல்லாம, சில ஊர்கள்ல ஆயிரம் வருஷத்துக்கும் மேல நிக்குது.

அது எப்படி நிக்குது? சாய்வுலதான். கரையோட வெளிப்பக்கம் வழக்கமா ரெண்டுக்கு ஒண்ணு, அதாவது ரெண்டு அடி தள்ளிப் போனா ஒரு அடி உயரும். தண்ணிப் பக்கம் கல் பாவியிருந்தா ஒன்றரைக்கு ஒண்ணு வரைக்கும் செங்குத்தா வைப்பாங்க. டிகிரியில சொன்னா வெளிப்பக்கம் 26 சொச்சம், உள்பக்கம் கிட்டத்தட்ட 34. புரியுற மாதிரி சொல்லணும்னா, 6 இஞ்ச் உயரம் 10 இஞ்ச் அகலத்துல கட்டின வீட்டு மாடிப்படி இருக்கே, அந்தச் சாய்வு. அதுல படி இல்லாம, மண்ணா, முள்ளா இருந்தா எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிக்கோங்க. அந்த இடத்துல நின்னுதான் நீங்க வெட்டணும். எந்த ஆயுதம்ங்கிற கேள்வியில பாதி, "எங்க நின்னு?"ங்கிற கேள்வி.

பழைய காலத்துல இதை யார் பார்த்துக்கிட்டாங்க? உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு, கி.பி. 919, 921-னு. குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் பேசுற கல்வெட்டு அது. அந்த ஓலை எதுக்கு எடுத்தாங்கன்னு பாருங்க: அதுல ஒண்ணு ஏரி வாரியத்துக்கு. ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே தனியா ஒரு கமிட்டி.

பிற்காலத்துல நாம குடிமராமத்துன்னு சொல்ற வழக்கம் இருந்துச்சு. ஊர்க்காரங்களே வந்து வாய்க்கால் தூர்வாரி, கரையில செடி வெட்டி, ஓட்டை அடைச்சு வைக்கிறது. இதைக் கேட்டதும் சிலருக்குக் கண்ணு கலங்கும், பொற்காலம்னு. எனக்கு அவ்வளவு கலங்காது. மண் சுமந்தது யாரு, நிலம் வெச்சிருந்தது யாருன்னு கேட்டா, ரெண்டும் பெரும்பாலும் வேற வேற ஆளுங்க. வெள்ளைக்காரன் காலத்துல இந்த வழக்கம் தளர்ந்ததும், 1858-ல மெட்ராஸ்ல ஒரு சட்டமே போட்டாங்க. கரை உடையப் போற ஆபத்து வந்தா ஊர் ஆட்களைக் கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம். வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவங்க கிட்ட அந்த வேலையோட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு வசூலிக்கலாம். அந்தச் சட்டத்தோட பேர்லயே 'கட்டாய உழைப்பு' இருக்கு.

ஆனா ஒரு விஷயம். அந்தக் காலத்துக் கரையில புதர் இன்னிக்கு இருக்கிற அளவுக்குப் பிரச்சினையா இருந்திருக்க வாய்ப்பில்ல. ஆவாரை, எருக்கு, நாட்டுக் கருவேலம், வேம்பு, பனை. இதுல பாதி ஆட்டுக்குத் தீனி. மீதி அடுப்புக்கு. கேஸ் அடுப்பு இல்லாத ஊர்ல, கைக்கெட்டுற தூரத்துல ஒரு முள்ளுச்செடி பெருசாகிற வரைக்கும் யார் விட்டு வைப்பா? கரையைச் சுத்தம் பண்ணது கமிட்டி மட்டும் இல்ல. தினமும் விறகுக்குப் போன பெண்களும்தான். அவங்க கையில இருந்த ஆயுதம் ஒரு சின்ன அரிவாள், ஒரு கவைக்கோல். கவைக்கோல்னா நுனியில ரெண்டாப் பிரிஞ்ச கம்பு. அதால முள்ளுக் கிளையை அமுக்கித் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, இந்தக் கையால அடியில ஒரு போடு. முள் கையில படவே படாது. பார்க்க ஒண்ணுமே இல்லாத கம்புதான். அதைக் கண்டுபிடிச்சவருக்குச் சிலை வைக்கலாம்.

இப்ப வில்லன் என்ட்ரி.

1876. மெட்ராஸ் மாகாணத்துல தாது வருஷப் பஞ்சம் ஆரம்பிச்ச வருஷம். ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்னு ஒரு அதிகாரி. ராணுவத்துல இருந்து வனத்துறைக்கு வந்தவர், தென்னிந்தியத் தாவரங்கள், பாம்புகள் பத்தி நிறைய எழுதினவர். அவர் ஒரு மரத்தோட விதையைக் கேட்டு எழுதறாரு. வறண்ட பூமியில வளரணும், சீக்கிரம் வளரணும், விறகாகணும். அன்னிக்கு விறகு அடுப்புக்கு மட்டும் இல்ல, ரயில் எஞ்சினுக்கும் தேவை. விதை வந்துச்சு. 1878 வாக்குல கடப்பா மாவட்டத்துக் கமலாபுரத்துல நடவு நடந்ததா வனத்துறை வரலாறு சொல்லுது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம். கடல் தாண்டி வந்ததால நம்ம ஆளுங்க 'சீமை'ன்னு பேர் வெச்சாங்க. வேலியா நட்டதால இன்னொரு பேர், வேலிக்காத்தான். அறிவியல் பேர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022-ல அதையும் நெல்டுமான்னு மாத்திட்டாங்க. பேரு மாறிச்சு, முள்ளு மாறல.

வாட்ஸ்அப்ல நீங்க படிச்சிருப்பீங்க: அமெரிக்கா சதி பண்ணி ஹெலிகாப்டர்ல விதை தூவுச்சு, இந்த மரத்துக்குக் கீழ மாட்டைக் கட்டினா மலடாயிடும், காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிடும். சதிக் கதை கேட்க நல்லாத்தான் இருக்கும். உண்மை அதைவிடச் சங்கடமானது: நாமதான் ஆசைப்பட்டுக் கொண்டு வந்தோம். ஜோத்பூர் சமஸ்தானத்துல 1940-ல இதை 'ராஜ மரம்'னு அறிவிச்சுப் பாதுகாக்கச் சொன்னாங்க. சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுப் பஞ்சத்துக்கு மருந்துன்னு இதை ஊக்குவிச்சாங்க. ராமநாதபுரம் பக்கம் மழை பொய்ச்ச வருஷங்கள்ல பல குடும்பங்கள் சோறு சாப்பிட்டது இந்த மரத்தை வெட்டிக் கரி போட்டுத்தான். இப்பவும் அப்படித்தான்.

அப்புறம் மெதுவா ரெண்டு விஷயம் நடந்துச்சு. போர்வெல் வந்துச்சு, கண்மாய்த் தண்ணியை நம்பி இருந்தவங்க குறைஞ்சாங்க. கேஸ் சிலிண்டர் வந்துச்சு. விறகுக்குக் கரைக்குப் போறவங்களும் குறைஞ்சாங்க. தினமும் விழுந்துக்கிட்டு இருந்த அரிவாள் வெட்டு நின்னு போச்சு. ஆடு மாடு காயைத் தின்னுச்சு. இலையை அதுங்க சீண்டாது, காய் இனிப்பா இருக்கும், அதை விடாது. விதை வயித்துல செரிக்காம, இன்னும் நல்லா முளைக்கிற பக்குவத்துக்கு வந்து, சாணத்தோட சேர்ந்து கரையில விழுந்துச்சு. உரத்தோட நடவு. வெளிநாட்டு வீடியோக்கள்ல சரிவான இடத்துப் புதரை ஆடு விட்டு மேய்ச்சுச் சுத்தம் பண்றதைப் பார்த்திருப்பீங்க. இந்த மரத்துக்கு அந்த யோசனை வேண்டாம். காய்க்கிற சீசன்ல ஆடு விட்டா நீங்க தோட்டம் போடறீங்கன்னு அர்த்தம்.

சரி, அரிவாளை எடுக்கிறோம். மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவுல திருப்பாச்சேத்தின்னு ஒரு ஊர். சினிமாவால அந்த ஊர் அரிவாளுக்குக் கெட்ட பேர். ஆனா பட்டறையில அடிக்கிறது பெரும்பாலும் விவசாயத்துக்கும் மரம் வெட்டவும்தான். நல்ல வெட்டரிவாள் நுனி கனமா, கொஞ்சம் வளைஞ்சு இருக்கும். சரிவுல நிக்கும்போது உங்களால முழு உடம்பு பலத்தையும் போட முடியாது, கால் வழுக்கும். அந்த நேரத்துல அரிவாளோட சொந்தக் கனமே வேலை பார்க்கணும். கோடாலி சமதளத்துல ராஜா. கரையில அதைச் சுழற்றினா நீங்களும் சேர்ந்து சுழலுவீங்க.

அரிவாள்ல சீமைக்கருவேலத்தை வெட்டலாம். சாகடிக்க முடியாது. இந்த மரத்தோட உயிர் கிளையில இல்ல. தரைக்குக் கொஞ்சம் கீழ, தண்டும் வேரும் சேருற இடத்துல மொட்டுகள் தூங்கிட்டு இருக்கும். தரையோட ஒட்டி வெட்டினா அது அத்தனையும் முழிச்சுக்கும். ஒரு தண்டு இருந்த இடத்துல ஆறு, எட்டுன்னு புதுத் தண்டு வரும். திருக்குறள்ல முள்மரத்தை இளசா இருக்கும்போதே வெட்டிடுன்னு ஒரு குறள் இருக்கு, பகைத்திறம் தெரிதல் அதிகாரத்துல, 879. பகைவனைப் பத்திச் சொல்ல வந்தது அது. ஆனா வள்ளுவர் காலத்துல இந்த மரம் இங்க இல்ல. இருந்திருந்தா 'வேரோட'ன்னு ஒரு சீர் சேர்த்திருப்பாரு.

இங்கதான் கதையில பணம் வருது. பல ஊர்கள்ல கண்மாய் மரத்தை ஏலம் விடுவாங்க. ஏலம் எடுத்தவர் ஆள் விட்டு வெட்டி, விறகாவோ கரியாவோ வித்துடுவாரு. தரைக்கு மேல வெட்டிட்டு, தூரை விட்டுட்டுப் போவாங்க. நாம சோம்பேறித்தனம்னு நினைப்போம். அது முதலீடுங்க. மூணு நாலு வருஷத்துல திரும்பத் தழைக்கும், திரும்ப ஏலம். ஊருக்கும் வருமானம், ஏலதாரருக்கும் வருமானம். கரைக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. எந்த ஆயுதத்தை எடுக்கிறோம்ங்கிறதை மரம் முடிவு பண்றதில்ல, யாருக்கு எதுல காசுங்கிறதுதான் முடிவு பண்ணுது.

ஒரு நிமிஷம் டெக்சாஸ் போயிட்டு வருவோம். இந்த மரத்தோட பங்காளி மெஸ்கீட் அங்க சொந்த மரம். மாட்டுப் பண்ணைக்காரங்களுக்கு நூறு வருஷத் தலைவலி. அவங்க செஞ்ச வேலையைக் கேளுங்க. கப்பல் நங்கூரச் சங்கிலியை எடுத்து ரெண்டு பெரிய புல்டோசருக்கு நடுவுல கட்டி, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டி, நடுவுல வர்ற காட்டை எல்லாம் சாய்ச்சாங்க. விமானத்துல 2,4,5-டி-ன்னு ஒரு களைக்கொல்லி தெளிச்சாங்க. வியட்நாம்ல கொட்டின ஏஜென்ட் ஆரஞ்சுல பாதி அதுதான். அமெரிக்காவுல 1985-ல அதுக்கு முழுத் தடை வந்துச்சு. தூர்ல மண்ணெண்ணெய், டீசல் ஊத்தினாங்க. இத்தனைக்கு அப்புறமும் மேல மட்டும் செத்த மரம் திரும்பத் துளிர்த்துச்சு. அவங்க கடைசியில கத்துக்கிட்டது: தரைக்குக் கீழ, அந்த மொட்டு இருக்கிற பகுதியோட வெட்டி எடுக்கணும்.

அந்த ஊர்ப் பாடம் நமக்கு உதவும், கருவி உதவாது. அது சமவெளி, மேய்ச்சல் நிலம். நமக்கு இருக்கிறது தண்ணியைத் தாங்குற மண் சுவர். அதுவும் பக்கத்து ஊருணியில குடிதண்ணி எடுக்கிறவங்க இருக்காங்க, மருந்து ஊத்துறதைப் பத்தி நான் யோசிக்கக்கூட மாட்டேன்.

இப்ப 2017. அதுக்கு முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை படுமோசமாப் பொய்ச்சுப் போச்சு. ஜனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டம், அந்தச் சூட்டோட சூடா 'நம்ம மண், நம்ம தண்ணி'ங்கிற ஒரு அலை. உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. மாவட்டம் மாவட்டமா வேலை நடந்துச்சு. காலேஜ் பசங்க, என்எஸ்எஸ், ஐடி கம்பெனி ஆளுங்க எல்லாரும் இறங்கினாங்க. ஏப்ரல்ல சென்னையில தலைமை நீதிபதி அமர்வு, அறிவியல் ஆய்வு இல்லாம இப்படி மொத்தமா வெட்டலாமான்னு கேட்டு இடைக்காலத் தடை போட்டுச்சு. அதே வருஷம் அரசாங்கம் குடிமராமத்துங்கிற பழைய பேர்லயே புதுத் திட்டம் ஆரம்பிச்சுச்சு. 2022-ல அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு.

இந்த எல்லாத்துலயும் ஹீரோ யாருன்னா மஞ்சள் கலர் ஜேசிபி. இங்கிலாந்துல ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கிறவர் 1945-ல ஆரம்பிச்ச கம்பெனி, அவர் பேரோட முதல் எழுத்துகள்தான் ஜேசிபி. 1979-ல இந்தியா வந்துச்சு. இன்னிக்கு எந்தக் கம்பெனி மெஷின் வந்தாலும் நமக்கு அது ஜேசிபிதான். முன்னாடி அள்ளுற வாளி, பின்னாடி தோண்டுற கை. தூரைப் பிடுங்குறதுல அதுக்கு ஈடு இல்ல. ஒரு ஆள் அரை நாள் கடப்பாரை போடற தூரை அது அஞ்சு நிமிஷத்துல பிடுங்கிடும்.

நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ராமநாதபுரம் மாவட்டத்துல எங்க அம்மா ஊர். முதல் வருஷம் நண்பர்கள் அஞ்சு பேர், பிரஷ் கட்டர் ஒண்ணு, செயின்சா ஒண்ணு. பிரஷ் கட்டர் புல்லுக்கும் விரல் தண்டிச் செடிக்கும் சரி. சரிவுல, இரும்பு பிளேடு போட்டு, முள்மரத்துல வெச்சா அது திருப்பி உதைக்கும். வெட்டுப்பட்ட முள்ளு தோட்டா மாதிரி பறக்கும். ஒருத்தன் வழுக்கி விழுந்தான். நல்ல வேளை, மெஷின் அந்தப் பக்கம் போச்சு, அவன் இந்தப் பக்கம் வந்தான். பதினஞ்சு மீட்டருக்குள்ள வேற ஆள் நிக்கக் கூடாதுன்னு மெஷின்லயே எழுதியிருந்துச்சு. நாங்க அதைப் படிச்சது சாயங்காலம்.

மூணு மாசம் கழிச்சுப் போனா, வெட்டின இடம் எல்லாம் பச்சைப் பசேல்னு துளிர். முன்னாடி இருந்ததைவிட அடர்த்தி.

ரெண்டாவது வருஷம் ஜேசிபி சொன்னோம். ஆடி மாசம். ரெண்டு நாள்ல முந்நூறு மீட்டர் கரை மொட்டை. ட்ரோன் ஷாட் எல்லாம் எடுத்தோம், பின்னணி இசையோட. கரை அழகா இருந்துச்சு. அந்த மெஷின் ஏழு டன்னுக்கு மேல, அகலம் ரெண்டேகால் மீட்டர் கிட்ட. எங்க கரையோட உச்சி பல இடத்துல அந்த அகலமே இல்ல. அதனால டிரைவர் வெளிப்பக்கம் கீழ இறங்கி, கரையோட அடிக்கால்ல நின்னு மேல பார்த்துத் தோண்டினாரு. தூர் போன குழியை, பக்கத்துல இருந்த மண்ணை வாளியால தள்ளி மூடினாரு. அவர் மேல தப்பில்ல. அவர்கிட்ட நாங்க சொன்னது மரத்தை எடுக்கத்தான். கரையைப் பத்தி நாங்க பேசவே இல்ல.

ஐப்பசிக் கடைசியில மழை. கண்மாய் முக்கால்வாசி ஏறுச்சு. ஒரு ராத்திரி பத்து மணிக்கு மாமா ஃபோன். நாங்க அந்த வாரம் ஊர்லதான் இருந்தோம், ஓடினோம். வெளிப்பக்கம் ரெண்டு இடத்துல தண்ணி ஊறி வருது. தெளிஞ்ச தண்ணியா வந்தா பயம் கம்மி. இது கலங்கலா வந்துச்சு. கலங்கல்னா உள்ள மண்ணையும் சேர்த்துக் கரைச்சுக் கொண்டு வருதுன்னு அர்த்தம். விரல் அளவு ஓட்டை விடியறதுக்குள்ள ஆள் நுழையற அளவாகும், அப்புறம் கரையே இருக்காது. கீழ ஒரு தெரு வீடுகள் இருந்துச்சு.

அன்னிக்கு ஊரையே வழிநடத்தினவர் ஒரு பெரியவர். அந்தக் காலத்துல நீர்பாய்ச்சியா இருந்தவர். மடையைத் திறக்கறது, வயலுக்கு வயல் தண்ணி பங்கு வைக்கிறது அவர் வேலை. வைக்கோல், சாக்கு, மணல் மூட்டை. ஊத்து வர்ற வாயை நேரா அடைக்கக் கூடாதுன்னு சொல்லி, அதைச் சுத்தி மூட்டையால வளையம் கட்டித் தண்ணியை அதுக்குள்ளயே உயர விட்டாரு. தண்ணி உயர உயர வேகம் குறைஞ்சு, கலங்கல் தெளிய ஆரம்பிச்சுச்சு. அதோட மடையையும் திறந்து தண்ணியைக் குறைச்சாங்க. கரை நின்னுச்சு. ஆனா திறந்து விட்ட தண்ணி போனது போனதுதான். அந்த வருஷம் கடைமடைக்காரங்க நெல் பொதி கட்டுற நேரத்துல தண்ணி இல்லாம நின்னாங்க. அதுல ரெண்டு பேர் குத்தகைக்கு உழுதவங்க. நாங்க போட்ட வீடியோவுக்கு வந்த லைக் எத்தனைன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, அதைச் சொல்ல விருப்பம் இல்ல.

விடியக்காலையில டீ குடிக்கும்போது பெரியவர் திட்டல. கேட்டது ஒண்ணுதான்: "பல்லைப் புடுங்கினீங்க சரி தம்பி. குழியை யாரு மூடுறது?"

அதுக்கப்புறம்தான் அவர்கிட்ட உட்கார்ந்து கேட்டோம். நேயருக்கு நான் சொல்ல வர்ற பதில் பெரும்பாலும் அவரோடது.

முதல்ல கேக்க வேண்டியது காலம். கோடையில கரை கல்லு மாதிரி, கடப்பாரை தெறிக்கும். ஆடி, ஆவணியில தோண்டினா மண் இறுகறதுக்குள்ள மழை வந்துடும். நாங்க செஞ்ச பெரிய தப்பு அதுதான். தை, மாசி சரி. தண்ணி இறங்கியிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், அடுத்த பருவமழைக்கு எட்டு மாசம் இருக்கும். நேயர் பொங்கலுக்குப் போறேன்னு சொன்னாங்களே, தெரியாமலே சரியான மாசத்தைப் பிடிச்சிருக்காங்க. மழை விட்ட ஈரத்துல விரல் தண்டிச் செடியைக் கையுறை போட்டு இழுத்தாலே வேரோட வரும். மெஷினே வேண்டாம். கரையில மாசத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேர் நடந்து, முளைச்சதைப் பிடுங்கிட்டே போனா மீதி எபிசோட் தேவையே இல்ல.

மணிக்கட்டுத் தண்டி வந்துட்டா கவைக்கோல், அரிவாள், கடப்பாரை. மேட்டுப் பக்கம் நின்னு வெட்டணும், கீழ யாரும் நிக்கக் கூடாது. முதல்ல இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கிறதை வெட்டித் தள்ளிடணும். அடித்தண்டை அப்படியே விடணும், பிடிச்சு ஆட்டறதுக்கு. அப்புறம் அதைச் சுத்தி மண்ணைப் பறிச்சு, ஒரு அடி கீழ பக்கவேர் பிரியற இடத்துக்குக் கீழ வெட்டணும். ஆணிவேரைத் தேடிப் போக வேண்டாம். அது எங்க போய் நிக்கும்னே சொல்ல முடியாது. அரிசோனாவுல ஒரு சுரங்கத்துல இந்த வகை மரத்தோட வேரை ஐம்பது மீட்டருக்குக் கீழ பார்த்திருக்காங்க. மொட்டு இருக்கிற கழுத்துப் பகுதி வந்துட்டா போதும், மீதி வேர் துளிர்க்காது.

தொடைத் தண்டி மரம்தான் உண்மையான சிக்கல். அதை எடுத்தாலும் ஆபத்து, எடுக்காம வெட்டி மட்டும் விட்டாலும் ஆபத்து. உள்ள இருக்கிற தடி வேர் நாளாக நாளாக மக்கி, கரைக்குள்ள ஒரு குழாய் மாதிரி வெத்திடம் விட்டுடும். அதனால தூரையும் தடி வேரையும் தோண்டி எடுத்து, குழியைச் சரிவா அகலப்படுத்தி, ஈரமான நல்ல மண்ணை அரை அடி அரை அடியாப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் திமிசு வெச்சு இடிக்கணும். அந்த மண்ணைக் கரையோட அடிக்கால்ல இருந்து எடுக்கவே கூடாது. எங்க ஊர்ல இதுக்குக் கிடைச்ச சிறந்த ஆட்கள், பக்கத்து ஊர்ல கரிமூட்டம் போடறவங்க. தூர்க்கட்டையில கனமான கரி கிடைக்கும், அதனால அவங்களுக்கு அது வேணும். கடப்பாரையில அவங்க கை பேசும். தூர் அவங்களுக்கு, குழி மூடற கூலி எங்க காசுன்னு ஒப்பந்தம் போட்டோம். ஜேசிபியை மொத்தமா விரட்டல. கண்மாய்க்கு உள்ள, கரையை விட்டுத் தள்ளி இருக்கிற காட்டுக்கு அதுதான் சரி. கரை மேல மட்டும் ஏறக் கூடாது.

இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, கேட்காம வெட்டாதீங்க. நூறு ஏக்கருக்கு மேல பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையோடது, அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். மரம் ஏலத்துல போயிருந்தா வேற பஞ்சாயத்து. ரெண்டு, நாட்டுக் கருவேலத்தை வெட்டிடாதீங்க. அதுக்குப் பூ மஞ்சள் உருண்டையா, காய் மணிமாலை கோத்த மாதிரி இருக்கும். சீமைக்குப் பூ வால் மாதிரி நீளமா, காய் வெளிர் மஞ்சள்ல பட்டையா இருக்கும். நாங்க முதல் வருஷம் ஒரு நாட்டு மரத்தைச் செயின்சா வெச்சுட்டோம், ஒரு பாட்டி வந்து சத்தம் போட்டு நிறுத்தினாங்க.

வெட்டின இடத்தைச் சும்மா விட்டா அது திரும்ப வரும். நிழல் அதுக்குப் பிடிக்காது. நாங்க வெளிப்பக்கச் சரிவுல வெட்டிவேர், அடிக்காலுக்கு வெளியில பனங்கொட்டை போட்டிருக்கோம். வெட்டிவேர் பிடிச்சிடுச்சு. பனை மெதுவாத்தான் வரும்.

ஆக, பத்துப் பேருக்கு: வாடகை மெஷின் காசை அப்படியே வெச்சுக்கோங்க. ஆறு கடப்பாரை, நாலு மண்வெட்டி, மூணு அரிவாள், ரெண்டு திமிசு, முட்டி வரைக்கும் வர்ற தோல் கையுறை, தடிச்ச அடிப்பாகம் உள்ள பூட்ஸ். ரப்பர் செருப்பு வேண்டாம், இந்த முள்ளு அதைத் துளைச்சு உள்ளங்கால்ல சீழ் வைக்கும். ஊர்ல நீர்பாய்ச்சி யாராவது உயிரோட இருந்தா முதல் நாள் அவங்களோட கரையை ஒரு தடவை நடங்க. மூணு நாள்ல அறுபது மீட்டர் ஒழுங்கா முடிச்சீங்கன்னா அதுவே பெரிய வேலை. எங்க கரை ஒன்றரை கிலோமீட்டர். இந்த முறையில நாலு வருஷமாச் செஞ்சுக்கிட்டு இருக்கோம். மடைக்குத் தெற்கே இன்னும் தொடவே இல்ல.